டிஸ்பென்சரிக் கணினியின் மறுபாதி

பிளக் சுவரில் இல்லை. வயர் மேசைக்குக் கீழே சுருண்டு கிடந்தது. ஆனாலும் கணினிப் பெட்டியின் பக்கத்தகட்டில் கை வைத்தபோது இளஞ்சூடாக இருந்தது, காய்ச்சல் விடுகிற நேரத்துப் பிள்ளையின் நெற்றி மாதிரி. சுதர்ஷினி கையை எடுத்து விரல்களைப் பார்த்தாள். பிசுபிசுப்பு. முகர்ந்து பார்த்தாள். பார்த்திருக்க வேண்டாம் என்று உடனே தோன்றியது. திரிந்த பால் நாற்றம்.

"கடைசியா எப்பக்கா இதப் போட்டாங்க?"

வாசல் பெஞ்சில் அம்மாக்கண்ணு பஞ்சு உருட்டிக்கொண்டிருந்தாள். இந்தத் தோட்டத்து டிஸ்பென்சரியில் முப்பது வருஷமாகப் பிரசவத்துக்குக் கூட நிற்கிறவள். "யாரு போடுறா? மாசி மாசம் வயர புடுங்குனது. அப்புடியே கெடக்கு."

இப்போது ஐப்பசி. சுதர்ஷினி சுரிதார் நுனியில் கையைத் துடைத்துக்கொண்டு பிளக்கைச் சொருகினாள். அருவருப்புப் பட்டுக்கொண்டு நிற்க நேரமில்லை. மணி இரண்டரை.

ஐந்து மணிக்கு ஜீப் புறப்படும். கொழும்புப் புடைவைக் கடையில் வேலை செய்யும் தம்பி திலக்ஷனை, லீவு முடிந்து திரும்பும்போது முந்தாநாள் ஒரு செக்பொயின்டில் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். அடையாள அட்டை இல்லை. மனுப் போட்டு இரண்டு வருஷமாகிறது. பிறப்புப் பத்திரம் லயத்து வீடுகள் வரிசையாகத் தீப்பிடித்தபோதே போய்விட்டது. டவுன் பொலிஸ் கூண்டில் அவன் இருக்க, வாசலில் அம்மா நாகலெட்சுமி இரண்டு நாளாக நிற்கிறாள். ஜீப்பில் மேலிடத்துக்கு ஏற்றப்பட்டவர்களில் சிலர் மாசக்கணக்கில் திரும்பி வருவதில்லை, சிலர் வருவதே இல்லை. தோட்டத்தில் பிறந்ததற்கு டிஸ்பென்சரி சீல் வைத்த துண்டு ஒன்று அதற்குள் பேக்ஸில் வந்தால் விட்டுவிடுவதாக சார்ஜன் வாக்குக் கொடுத்திருந்தார்.

டிஸ்பென்சரியின் பிறப்புப் புத்தகத்தைக் கூரை ஒழுக்கு கூழாக்கிவிட்டிருந்தது. மிச்சம் இந்தக் கணினிதான். போன வருஷம் கண்ணை மூடிய பழைய டிஸ்பென்சர் முத்துலிங்கம், யாழ்ப்பாணத்துக்காரர், வைரஸுக்குப் பயந்து விண்டோஸுக்குப் பக்கத்திலேயே லினக்ஸையும் போட்டு, அதில் பிறப்பு இறப்பு எல்லாவற்றையும் தன் கையால் ஏற்றி வைத்திருந்தார். போட்டதும் எதற்குள் போக வேண்டும் என்று கேட்கும் மெனு ஒன்று வரும். அவருக்குப் பிறகு எவனோ ஒரு புத்திசாலி விண்டோஸை மறுபடி ஏற்ற, மெனு அழிந்துபோனது. இப்போது பெட்டி நேரே விண்டோஸுக்குள் போய் நிற்கிறது. மறுபாதி உள்ளேதான் இருக்கிறது, போக வழிதான் இல்லை. ஹட்டனில் கம்பியூட்டர் கடையில் வேலை செய்யும் சுதர்ஷினிக்கு இது அரை மணி நேர வேலை.

அரை மணி நேர வேலையாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஹார்ட் டிஸ்க் பிடிபடவில்லை என்று திரை சொன்னது. கேபிள் தளர்ந்திருக்கும். மெயினை நிறுத்தி, ஸ்க்ரூவைக் கழற்றி, தகட்டை இழுத்தாள். பழைய பெட்டி என்றால் தூசி இருக்கும், கரப்பான் புழுக்கை இருக்கும், பல்லி முட்டை இருக்கும், அவள் பார்க்காத அசிங்கமில்லை. இதில் ஒரு பொட்டுத் தூசி கிடையாது. நக்கித் துடைத்தது போல எல்லாம் ஈரமாகப் பளபளத்தது. மூலைகளிலும் கேபிள் மடிப்புகளிலும் வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது, வெண்ணெயைவிடக் கெட்டியாக, மாவைவிட வழுவழுப்பாக.

பிறந்த பிள்ளையின் தொடையிடுக்கில் ஒட்டியிருக்குமே, அது.

ஜன்னலைத் திறந்தாள். பனி உள்ளே வந்ததே தவிர நாற்றம் போகவில்லை.

"ஸ்பிரிட்டு இருக்காக்கா?"

அம்மாக்கண்ணு போத்தலையும் பஞ்சையும் கொண்டு வந்து மேசையில் வைத்தாள். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தவள் முகத்தைச் சுளிக்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றாள். "எந்தப் புள்ளைக்கித் துண்டு எடுக்கப் போறீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"தம்பிக்கித்தாங்க்கா. திலக்ஷனுக்கு."

"ஒங்கம்மாவுக்கு ரெண்டு ஆம்பளப் புள்ளையும் நாந்தான் எடுத்தேன். மூத்ததுக்குப் பாலு எறங்கல. வாயத் தொறந்துகிட்டே கெடந்துச்சு, பதினொரு நாளு."

சுதர்ஷினி பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்தாள். அவளுக்குத் தெரியும். வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. மூத்தவன் பிறந்த மூன்றாம் நாளே அப்பா டவுனுக்குப் போய்த் திலக்ஷன் என்று பதிந்துவிட்டு வந்தார். பிள்ளை செத்ததைப் பதிய யாரும் போகவில்லை. இரண்டு வருஷம் கழித்து அடுத்தவன் பிறந்தபோது பத்திரம் பெட்டியில் சும்மா கிடந்தது. இன்னொரு தடவை டவுனுக்கு அலைந்து பதிவுக் கந்தோர் வாசலில் எதற்குக் காத்துக் கிடப்பது? அதே பேரை வைத்தார்கள். அதே பத்திரத்தைப் பள்ளிக்கூடத்தில் காட்டினார்கள். லயத்தில் நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் இப்படி ஒருவர் இருப்பார், வயது இரண்டு கூடுதலாக.

"இங்க புதைக்கல அத," என்றாள் அம்மாக்கண்ணு. "தேயிலைக்குள்ளதான். மழக் காலம்." மிச்சப் பஞ்சை எடுத்துக்கொண்டு பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

சுதர்ஷினி துடைத்தாள். ஒவ்வொரு பஞ்சும் மஞ்சளாகி வந்தது. துடைத்த இடத்தில் கேபிள் சாம்பல் நிறமாக இல்லை, வெளிறிய சிவப்பாக இருந்தது. தொட்டால் உள்ளே அமுங்கியது. பார்க்காமல் இருக்க முடிவு செய்தாள். கேபிளை அழுத்திச் செருகி, மெயினைப் போட்டு, கடையிலிருந்து கொண்டுவந்த லினக்ஸ் சீடியை டிரேயில் வைத்துத் தள்ளினாள். சீடி சுற்றியது. சுற்றும் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் இருந்தது, ஈரமாக, விட்டு விட்டு, சப்புக் கொட்டுவது போல. ரீடர் அடைத்திருக்கிறது என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

ஒரு நிமிடம் ஓடி, நின்றது. கேபிள் செருகின இடத்தில் பிடித்து நிற்கவில்லை. அவள் இடது கையைப் பெட்டிக்குள் விட்டுச் செருகை விரலால் அழுத்திப் பிடித்தாள். இப்போது ஓடியது. கையை எடுத்தால் நின்றது. வேறு வழியில்லை. வெதுவெதுப்பான அந்த ஈரத்துக்குள் மணிக்கட்டு வரை கையை வைத்துக்கொண்டு, வலது கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள்.

மறுபாதி அப்படியே இருந்தது. பிறப்புக் கோப்பும் கண்ணில் பட்டது, ஆனால் முத்துலிங்கம் தானே எழுதிய புரோகிராமுக்குள் மட்டும்தான் அது திறக்கும், துண்டும் அதிலிருந்துதான் அச்சாகும். மெனுவைத் திரும்ப எழுதக் கட்டளை கொடுத்தாள். வட்டின் தொடக்கத்தில், மெனுவைக் காட்டும் கிரப் ஏறியது. சீடியை எடுக்க டிரேயைத் திறந்தபோது, அதன் விளிம்பிலிருந்து கோழை நூல்போல நீண்டு, அறுந்து, அவள் முழங்காலில் விழுந்தது.

துடைக்கவில்லை. ஒரு கைதான் மிச்சம்.

நிறுத்திப் போட்டதும் மெனு வந்தது. இரண்டு வரி. அவள் வாழ்க்கையில் எந்த மெனுவையும் இவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை. மணி நாலே கால். லினக்ஸ் எழுந்தது, புரோகிராம் திறந்தது, பெயரைத் தட்டினாள்.

திலக்ஷன். தாய் நாகலெட்சுமி. பிறப்பு 1986 ஓகஸ்ட் 9. இறப்பு 1986 ஓகஸ்ட் 20. காரணம், பால் குடிக்கவில்லை.

இரண்டாவது பிள்ளைக்கு வரியே இல்லை. பழைய பத்திரமே போதும் என்று அம்மா கெஞ்சியிருப்பாள், முத்துலிங்கம் ஐயா எழுதாமல் விட்டிருப்பார். துண்டு அச்சிடும் பொத்தானை அழுத்தினாள். இறந்தவருக்குத் துண்டு வழங்க முடியாது என்று வந்தது.

போன் அடித்தது. அம்மா.

"ஜீப்பு வந்துருச்சுடி. என்னடி ஆச்சு?"

"அனுப்புறேம்மா. பத்து நிமிசம்."

போனைத் தோளில் இடுக்கியபடியே இறப்புக் கட்டத்துக்குப் போனாள். ஒரு பிள்ளையின் சாவை அழிப்பது எவ்வளவு சின்ன வேலை என்று நினைத்தபோது அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. பெட்டிக்குள் இருப்பதைவிட அசிங்கமான காரியம் இது. செய்தாள். தேதியை அழித்தாள். காரணத்தை எழுத்தெழுத்தாக அழித்தாள். சேமித்தாள்.

சப்புக் கொட்டும் சத்தம் நின்றது.

பிரிண்டர் கரகரத்தது. துண்டு மேலே ஏறி வந்தது. திலக்ஷன், ஆண், வயது 21, உயிருடன். அம்மாக்கண்ணு சீலோடு வந்து குத்தினாள், தோட்டத்து ஒபிஸில் பேக்ஸ் போடுவதற்காகக் காகிதத்தை எடுத்துக்கொண்டு பனிக்குள் நடந்தாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

முடிந்தது. சுதர்ஷினி மூச்சு விட்டாள். பெட்டிக்குள்ளிருந்த கையை எடுக்கப் போனாள்.

வரவில்லை.

சுட்டுவிரலை எதுவோ பிடித்திருந்தது. கிளிப் இல்லை. தகடு இல்லை. மென்மை. சூடு. சுற்றிலும் ஈரம். இழுத்தாள். அதுவும் இழுத்தது.

தோளில் போன் இன்னும் இருந்தது. அதில் யாரோ சிங்களத்தில் சத்தம் போட்டார்கள். சாவிக்கொத்து விழும் சத்தம் கேட்டது. பிறகு அம்மாவின் குரல், அழவும் தெரியாத குரல்.

"அவன் இல்லடி."

"ஜீப்புல ஏத்திட்டாங்களா?"

"இல்லடி. கூண்டு பூட்டுனபடி இருக்கு. இப்பத்தான் எங்கிட்ட தண்ணி கேட்டான். சட்டையும் கால்சட்டையும் தரையில கெடக்கு. உள்ள ஆளு இல்ல. பேரு என்னான்னு கேக்குறாங்க, எனக்கு... எனக்கு வாயில வரல. எம்புள்ள பேரு என்னடி?"

சுதர்ஷினி வாயைத் திறந்தாள். அவளுக்கும் வரவில்லை.

போன் நழுவித் தரையில் விழுந்தது.

பெட்டிக்குள் அது குடிக்கத் தொடங்கியிருந்தது. பதினொரு நாள் பசியோடு. அவசரமில்லாமல். விரல் நுனி மரத்தது. பிறகு விரல். ஒவ்வொரு உறிஞ்சலுக்கும் இரும்புச் சட்டம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே புடைத்தது. ஸ்க்ரூ ஒன்று தெறித்துச் சுவரில் பட்டது. இன்னொன்று.

வெறும் ஈறு, என்று அவள் நினைத்தாள். வெறும் ஈறுதான்.

அப்போது அந்த ஈறில் முதல் பல் முளைத்தது. மெதுவாக, சதையைக் கிழித்துக்கொண்டு, அவள் நகத்துக்குக் கீழே. அதன் பக்கத்தில் அடுத்தது. அதன் பக்கத்தில் அடுத்தது.