காலி டிஸ்க்கின் நகல்

நகலெடுப்பு பன்னிரண்டு சதவீதத்தைத் தொட்டதும் பழைய டிஸ்க் முனகுவதை நிறுத்தியது.

ஒன்பது வருஷத்தில் அந்தக் கம்ப்யூட்டர் வாய்மூடி இருந்ததே இல்லை. "இதுவும் உன்னை மாதிரிதான், வேலையைவிடப் புலம்பல் அதிகம்" என்று கணவர் சீண்டுவார். அவர் போய் ஐந்து மாதம். அவள் இன்னும் அழவில்லை. பல் டாக்டர் ஊசி போட்டபின் கன்னம் மரத்துக் கிடக்குமே, உடம்பு முழுக்க அப்படி. வெளியூர்களிலிருந்து அவர் அவளுக்குப் பேசி அனுப்பிய பதினோரு பதிவுகள் அந்த டிஸ்க்கில் மட்டும்தான் இருந்தன. அது சாவதற்குள் அப்படியே புது எஸ்எஸ்டி டிஸ்க்குக்கு மாற்றிவிட வேண்டும்.

கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் கொழுந்தன் காலையிலேயே போனில் படித்துப் படித்துச் சொன்னான். "அண்ணி, ரெண்டும் ஒரே சைஸ்னுதான் காட்டும். எது பழசு, எது புதுசுன்னு ரெண்டு தடவை பாத்து அமுக்குங்க. மாத்தி அமுக்கினா, காலி டிஸ்க்கை எடுத்து அண்ணன் மேல எழுதிடும்."

திரையைப் பார்த்தாள். அம்புக்குறி புதியதிலிருந்து பழையதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

நிறுத்தும் பொத்தானை அமுக்கினாள். மறுபடியும் அமுக்கினாள். பிளக்கைப் பிடுங்கினாள். திரை அணையவில்லை. முப்பத்து நான்கு.

மத்தியான வெயில் ஜன்னல் வழியாக வந்து, கதவுக்குப் பின்னால் ஐந்து மாதமாகத் துவைக்காமல் தொங்கவிட்டிருந்த அவர் சட்டையின் மேல் விழுந்தது. ஷேவிங் க்ரீமும் வியர்வையும் கலந்த அந்த வாசத்துக்காகவே வைத்திருந்த சட்டை. முகத்தைப் புதைத்தாள். கடையிலிருந்து அப்போதுதான் வந்த துணியின் கஞ்சி வாசம் அடித்தது. நிமிர்ந்தபோது கொக்கி மட்டும் இருந்தது.

போனை எடுத்தாள்.

"தம்பி, மாத்தி அமுக்கிட்டேன். உங்கண்ணன் குரல்..."

"ஐயையோ! பதறாதீங்க அண்ணி, முதல்ல அந்த ஒயரை..." லைன் கரகரத்தது. அதே குரல்தான். "சொல்லுங்க மேடம், யார் பேசறீங்க?"

"என்னப்பா, இப்பவா விளையாடறே? உங்கண்ணன்..."

"எனக்கு அண்ணனே கிடையாதே மேடம். நான் வீட்டுக்கு ஒத்தைப் பிள்ளை." பணிவாகச் சிரித்தான். "டிஸ்க் ஏதாவது காப்பி பண்ணணுமா?"

எழுபத்தெட்டு.

கணவர் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தாள். நாக்கு அசைந்தது. பெயர் வரவில்லை. எத்தனை எழுத்து? தெரியவில்லை. குரல்? கனமா, மெலிசா?

தொண்ணூற்றாறு.

சுவரில் கடற்கரைப் போட்டோ. அதில் அவள் இருந்தாள். பக்கத்தில் வெறும் அலை. யாரும் அப்படிச் சாய்ந்து நிற்க முடியாது. காற்றின் மேல் தலையைச் சாய்த்து, விழாமல், சிரித்துக்கொண்டு நின்றாள்.

போட்டோவில் அவள் இடுப்பில் நான்கு விரல்கள் மட்டும் மிச்சம் இருந்தன. இறுக்கிப் பிடித்திருந்தன. யாருடையவை என்று அவளுக்குப் புரியவில்லை.

தொண்ணூற்றொன்பது.

மூன்று விரல்கள்.