நடுவில் நிற்காத தீவு

தீவு மறுபடியும் நழுவியது. ஜூம் செய்தால் நடுவில் இருப்பது நடுவிலேயே நின்று பெரிதாக வேண்டும். இங்கே என்னவென்றால், இடது மேல் மூலையில் யாரோ ஆணி அடித்துவிட்ட மாதிரி அந்த மூலை மட்டும் அசையாமல் நிற்க, மற்றதெல்லாம் வலது கீழே வழுக்கிக்கொண்டு திரையை விட்டே போய்விடுகிறது. காலையிலிருந்து இதே கூத்து. கேம் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே மேப் செய்து கொடுப்பவள் அவள். நாய்ஸ் என்று அவர்கள் சொல்லும் தாறுமாறான எண்களைக் கொண்டு மலையையும் கடலையும் புரோகிராமே உண்டாக்கிவிடும். அவள் பொறுப்பு ஜூமும், படத்தை நகர்த்தும் ஆஃப்செட்டும்தான். இரண்டும் சேர்ந்து அவள் உயிரை வாங்கின. மாலை ஐந்துக்குள் அனுப்பாவிட்டால் மீதி உயிரை மேனேஜர் வாங்கிவிடுவார்.

பக்கத்து அறையில் அம்மா. நேற்றுதான் ஆபரேஷன் முடிந்து, இரண்டு கண்ணிலும் கட்டுப் போட்டுப் படுத்திருந்தாள்.

“மாத்திரை நேரம் ஆச்சேடி.”

“இதோ வரேம்மா. ரெண்டே நிமிஷம்.”

ஜூமை இரண்டாக்கினாள். தீவு ஓடியது. ஆஃப்செட்டை மாற்றி நடுவுக்கு இழுத்து வந்தாள். நாலாக்கினாள். மறுபடி ஓட்டம், மறுபடி இழுப்பு. எண்களைக் குறித்துவைக்கக்கூடப் பொறுமை இல்லை. மேசைமேல் விழுந்துகொண்டிருந்த மத்தியான வெயில் எங்கோ தள்ளிப்போய் நின்றதையும், மின்விசிறியின் கிறீச்சொலி மேலே மேலே போய் மெலிந்ததையும், ஈரச் சுண்ணாம்பு வாசம் மூக்கில் ஏறியதையும் அவள் கவனித்தாள்தான். கவனித்துவிட்டு, அதே எரிச்சலோடு எட்டை அழுத்தினாள்.

“வரேன்னுட்டு எங்கடி போறே?”

“எங்கேயும் போகலை, இங்கதான் உக்காந்திருக்கேன். தொணதொணக்காதேம்மா.”

“கட்டில் விளிம்பே கைக்குத் தட்டுப்பட மாட்டேங்குது.”

அந்தக் குரல் தெருக்கோடியிலிருந்து வருவது போல் இருந்தது.

எழுந்தாள். நாற்காலியிலிருந்து அம்மாவின் அறைக்கு நாலே அடி. நாலு வைத்தாள். எட்டு வைத்தாள். இருபது வைத்தும் கதவு கிட்டே வரவில்லை.

திரும்பி ஓடினாள். ஜூமில் ஒன்றைப் போட்டு அழுத்தினாள். ஏன் என்று யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் கத்தியிருப்பாள்.

விசிறி கிட்டே வந்தது. வெயில் மேசைக்குத் திரும்பியது. நாலே அடியில் கதவு.

“வந்துட்டேம்மா!”

கட்டில் இருந்தது. தலையணையில் தலை அழுந்திய குழி இருந்தது. அம்மா இல்லை.

“வந்துட்டியா?”

சுவருக்குள்ளிருந்து.

அப்போதுதான் உறைத்தது. ஜூமை மட்டும்தான் பழையபடி ஆக்கியிருந்தாள். ஆஃப்செட்டைத் தொடவில்லை. அறை திரும்பி வந்துவிட்டது, அம்மா மட்டும் இவள் இழுத்துவிட்ட இடத்திலேயே நின்றுவிட்டாள். காலையில் எந்த எண்ணில் தொடங்கினாள், ஒவ்வொரு ஜூமிலும் எவ்வளவு இழுத்தாள், எதுவும் நினைவில்லை.

கட்டிலுக்கு மேலே, பெயின்ட்டில் ஒரு கீறல்கூட இல்லாமல், சுவரிலிருந்து மணிக்கட்டுவரை ஒரு கை நீண்டிருந்தது. அம்மாவின் கை. காற்றைத் துழாவிக்கொண்டிருந்தது.

லேப்டாப்பைத் தூக்கி வந்து கட்டிலில் வைத்தாள். ஆஃப்செட்டை வலப்பக்கம் ஒன்று நகர்த்தினாள்.

உள்ளங்கை சுவருக்குள் போனது. விரல்கள் மிஞ்சின.

பதறி இடப்பக்கம் ஒன்று.

திரும்பவில்லை. இன்னும் உள்ளே போனது.

“நெஞ்சை ஏதோ அழுத்துதுடி...”

அதற்குமேல் குரல் வரவில்லை.

விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டாள். மூச்சுவிடவும் பயம்.

சுவரில் நாலு நகங்கள். வரிசையாக. பெயின்ட்டோடு பெயின்ட்டாக.

இன்னும் சுரண்டிக்கொண்டிருந்தன.