உள்பக்கம் வேர்த்த விளக்கு

விளக்கின் கண்ணாடி உள்பக்கமாக வேர்த்திருந்தது. மாட்டியது போன வாரம்தான், அதற்கப்புறம் ஒரு சொட்டு மழைகூட இல்லை, ஆனாலும் தோட்டத்துக் கோடியில் மதில் ஓரமாக நின்ற அந்த விளக்குக்குள் வெள்ளையாக ஒரு படலம் கட்டி, வெளிச்சம் திரிந்த பால் மாதிரி வழிந்துகொண்டிருந்தது. அவன் விரலால் அழுத்தித் துடைத்தான். போகவில்லை. உள்ளே இருக்கிற ஈரத்தை வெளியே துடைத்தால் எப்படிப் போகும்? அவனுக்குத் தெரியாதா என்ன! தெரிந்தும் இன்னொரு தடவை துடைத்தான்.

"ஒரு விளக்கை ஒழுங்காச் செய்யத் துப்பில்ல, இவனுங்களுக்கெல்லாம் ஒரு கம்பெனி," என்றான், யாருமே இல்லாத தோட்டத்தைப் பார்த்து.

ஒழுக்கு அடைப்பதுதான் அவன் தொழில். மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டி, குளியலறைச் சுவர், எங்கே கசிந்தாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். கட்டட வேலைக்காரர்கள் அவனுக்கு 'அடைப்பு' என்று பேர் வைத்திருந்தார்கள். அது அவனுக்குத் தெரியாது என்று அவர்களுக்கு நினைப்பு. பசைக் குழாயும் அதை அழுத்துகிற துப்பாக்கியும் வண்டிப் பெட்டியில் எப்போதும் இருக்கும். எங்கே ஓட்டையைப் பார்த்தாலும் கை துறுதுறுக்கும்.

விளக்கு வாங்கியது மனைவிக்காக. அவளுக்கு வீசிங். பொழுது சாய்ந்தால் வீட்டுக்குள் நெஞ்சு அடைக்கும். தோட்டத்தில் கொஞ்ச நேரம் நடந்தால்தான் மூச்சு லேசாகும். இருட்டில் கல் தடுக்கி விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்டாள். அன்றைக்குப் பிடித்தது இந்த விளக்குப் பேச்சு. அவள்மேல் தனக்கு உயிர் என்று அவன் ஒருநாளும் வாயைத் திறந்து சொன்னதில்லை. அவள் இளைக்கிற சத்தம் கேட்டால் சோற்றில் கை வைத்தபடியே உட்கார்ந்திருப்பான். அடங்குகிற வரைக்கும் ஒரு வாய் இறங்காது. அடங்கியதும், "மருந்தை நேரத்துக்குப் போட்டுத் தொலைச்சாத்தானே," என்று எரிந்து விழுவான்.

கடையில் அவன் பண்ணிய அலப்பறைக்கு அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். வெயிலில் சார்ஜ் ஏறுகிற குச்சி விளக்குகளை, "குழந்தைங்க விளையாடுறதுக்கா?" என்று தள்ளினான். பிளாஸ்டிக் உருண்டைகளைத் தட்டிப் பார்த்து, "டப்பா," என்றான். கனத்த அலுமினியம், தடித்த கண்ணாடி, சுற்றிலும் ரப்பர் வளையம் வைத்த ஒன்றைக் கடைப் பையன் எடுத்து வந்தான்.

"ஐபி அறுபத்தஞ்சு சார். மழைக்கெல்லாம் அசையாது."

"நம்பரா போய் மழையில நிக்கப் போகுது? கொண்டா இப்படி." தலைகீழாகக் கவிழ்த்தான். அடியில், கடுகு நுழைகிற மாதிரி ஒரு துளை. அவன் சிரித்தான். அறிவுகெட்ட முண்டங்கள். மழை தாங்கும் விளக்காம், அடியில் ஓட்டையாம்! அதைத்தான் அடைத்துக்கொள்ளலாமே என்று பாதை நெடுகிலும் வைக்க அதிலேயே வாங்கினான்.

வீட்டில் அவன் பசைத் துப்பாக்கியை எடுத்ததும் அவள் சொன்னாள்: "என்னங்க, அது காத்து போய்வர வேணும்னே வச்சிருப்பாங்க. விட்டுடுங்களேன்."

"வேணும்னே எவனாவது ஓட்டை வைப்பானா? எங்கிட்டயே காது குத்துறியா?"

ஒவ்வொரு விளக்கின் துளையையும் அடைத்து, பசையை விரலால் வழித்து, மதிலிலிருந்து வாசற்படி வரைக்கும் பாதை ஓரமாக வரிசையாகக் குட்டைக் கம்பம் நட்டு மாட்டினான். அடைத்த இடம் தெரியவே இல்லை. வேலை என்றால் அது வேலை.

மதில் ஓரத்து விளக்கு வேர்த்த மறுநாள் அதற்கு அடுத்ததும் வேர்த்தது. அப்புறம் அதற்கும் அடுத்தது. ரப்பர் வளையம் மட்டமான சரக்கு என்றான். விற்றவனைத் திட்டினான். எதிர்வீட்டுக்காரன் எட்டிப் பார்த்து, "புது விளக்கா? மங்கலா இருக்கே," என்றதற்கு, "உங்க வீட்டு மூஞ்சிகளுக்கு இது போதும்," என்று கதவைச் சாத்தினான்.

அவள் நடப்பது குறைந்தது. முதலில் மதில் வரைக்கும் போவதை விட்டாள், பிறகு பாதி வழியிலேயே திரும்பினாள், பிறகு படியிறங்கவே மாட்டேன் என்றாள். தோட்டத்தில் இப்போதுதான் இன்னும் அதிகமாக அடைக்கிறது என்றாள். மூடின பெட்டிக்குள் நிற்கிற மாதிரி இருக்கிறதாம்.

"திறந்தவெளியில பெட்டியா? உனக்கு மூச்சுல கோளாறா, மூளையில கோளாறா?"

சொல்லிவிட்டான். ஆனால் அன்று அவள் மருந்தை உறிஞ்சிய பிறகும் நெஞ்சிலிருந்து வரும் அந்த விசில் சத்தம் அடங்கவே இல்லை. அவன் தட்டை அப்படியே மூடி வைத்தான்.

இன்று மழை பெய்து ஓய்ந்திருந்தது. இன்னும் பொழுது முழுசாக இருட்டவில்லை. ஈர மண்ணும் நசுங்கிய இலையும் மணக்க, எங்கோ தகரத்தில் நீர் சொட்டிக்கொண்டிருக்க, அவன் விளக்குகளைப் போட்டுவிட்டு, வாங்கிய கடையிலேயே கொண்டுபோய் விட்டெறிவதற்காக மதில் ஓரத்து முதல் விளக்கைக் கழற்றப் போனான். குனிந்தபோதுதான் பார்த்தான். படலம் கூடியது. குறைந்தது. கூடியது. உள்ளே யாரோ கண்ணாடிமேல் வாயை வைத்து ஊதி, இழுத்து, ஊதுகிற மாதிரி.

சூடு, குளிர். வேறென்ன? பல்பு சூட்டில் ஈரம் ஏறி இறங்கும். சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

படலத்தின் நடுவே ஒரு கோடு விழுந்தது. விரல் அகலத்துக்கு. உள்பக்கமாக.

அவன் பின்வாங்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கால்கள் என்னவோ பின்னால்தான் வந்திருந்தன. சீ, இதுக்குப் போயா! என்று முன்னால் போய்க் கண்ணாடியில் காதை வைத்தான்.

விசில். மெல்லிசாக, கீச்சுக் கீச்சென்று, நெஞ்சின் அடியிலிருந்து இழுத்து இழுத்து வரும் அந்த விசில். எத்தனை வருஷம் பக்கத்தில் படுத்துக் கேட்ட சத்தம். அது அவளுடையது.

வீட்டுக்குள் ஏதோ உருண்டு விழுந்தது.

"என்னங்க..." அதற்குமேல் அவளுக்கு வரவில்லை.

எல்லா விளக்கும் சேர்ந்தாற்போல் வெளுத்தன. எல்லாம் சேர்ந்தாற்போல் தெளிந்தன. கூடத்து ஜன்னலில் அவள் நிழல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதே கணக்கில் குலுங்கியது.

அவள் மூச்சு இங்கே இருந்தது. அவன் அடைத்து வைத்த இடத்தில்.

சட்டைப் பையிலிருந்து பிளேடை எடுத்தான். மண்டியிட்டு அடியில் தடவினான். துளை எங்கே? தெரியவில்லை. அவ்வளவு நேர்த்தியாக அடைத்திருந்தான், பாவி! நகத்தால் பிறாண்டினான். பசை ரப்பர் மாதிரி இழுத்தது. கடைசியில் பொத்தென்று பிடுங்கிக்கொண்டு வந்தது.

சூடான காற்று அவன் மணிக்கட்டில் பட்டது. பல வருஷம் மூடிக்கிடந்த தொட்டியைத் திறந்தால் வருமே, அந்த வாடை. பின்னாலேயே வெதுவெதுப்பாக நீர் வழிந்தது. படலம் கலைந்தது.

அடுத்தது. விரலை வெட்டிக்கொண்டான். அடுத்தது. உள்ளே அவள் தரையில் விழுகிற சத்தம். "இருடி, இருடி, இதோ ஆச்சு," என்றான். அழுதுகொண்டே சொன்னான். தன் வாயிலிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று அவனுக்கே தெரியாது. அடுத்தது. படியோரத்துக் கடைசி விளக்கு. பசையைப் பல்லால் கடித்து இழுத்தான்.

அமைதி. தகரத்தில் சொட்டுவதுகூட நின்றிருந்தது.

கதவு திறந்தது. அவள் வாசல் நிலையைப் பிடிக்காமல் தானாகவே நடந்து, படியிறங்கி வந்தாள். விசில் இல்லை. நெஞ்சு நிதானமாக ஏறி இறங்கியது. கல்யாணமான நாளிலிருந்து அவள் இப்படி மூச்சு விட்டு அவன் பார்த்ததில்லை.

"இப்ப நல்லா வருதுங்க," என்றாள்.

அவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். சிரிப்பு வந்தது. "பாத்தியா? வீசிங்காம், மண்ணாங்கட்டியாம். அந்த டாக்டருங்களை எல்லாம் வரிசையா நிக்கவச்சு..." புறங்கையால் முகத்தைத் துடைத்தான். "நீ போயிட்டேன்னு நெனச்சேன்டி. உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா?"

அவள் பக்கத்தில் வந்து, குழந்தையைப் பார்க்கிற மாதிரி குனிந்தாள். அவளுடைய மூக்குக்கண்ணாடி வெள்ளை வெளேரென்று மூடியிருந்தது.

"எப்பப் பாரு இப்படியே அழுக்குக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு... கொண்டா இங்க." எழுந்து அதைக் கழற்றினான். சட்டை நுனியில் துடைத்தான். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். பளிச்சென்று இருந்தது. துடைத்த சட்டை நுனியிலோ ஈரமே படவில்லை.

அவள் முகத்தைப் பார்த்தான்.

இரண்டு கண்ணும் வெளுத்திருந்தன. மேலே இல்லை. உள்ளே. அவள் மூச்சை விட்டாள், படலம் கூடியது. இழுத்தாள், குறைந்தது.

பிறகு இடது கண்ணில், உள்பக்கமாக, ஏதோ ஒன்று மெதுவாகத் துடைத்து இடம் பண்ணிக்கொண்டு அவனை எட்டிப் பார்த்தது.