சுவரில் சாத்திய மெத்தை

"மேடம், உங்க பக்கம் யாரோ தட்டுறாங்க. வேணும்னா போய்ப் பார்த்துட்டு வாங்க, நான் லைன்லயே இருக்கேன்" என்றார் போனில் பேசிய வாடிக்கையாளர்.

அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஹெட்போனை ஒரு காதிலிருந்து தூக்கிக் கவனித்தாள். எண்ணெய் விட்ட மின்விசிறி முனகாமல் சுற்றியது. மூடிய திரைச்சீலைக்கு வெளியே மத்தியான வெயில், தெரு, ஹாரன் எல்லாம் ஏதோ வேற்றூரில் நடப்பதுபோல் அமுங்கிக் கிடந்தன. அறைக்குள் பழம்பஞ்சு வாடையும் அவளுடைய மூச்சும் மட்டும்தான். "இங்க யாரும் தட்டலைங்க சார்" என்று குழைந்து, அவருடைய வாஷிங் மெஷின் புகாரைப் பதிந்துகொண்டாள்.

அடுத்து வந்தவரும் அதையே கேட்டார். "டம்ளரால சுவத்துல தட்டுற மாதிரி இருக்கே?"

அவள் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். டம்ளர் என்று இவருக்கு எப்படித் தெரியும்?

வீட்டிலிருந்தே புகார் வாங்கும் வேலை. பின்னால் இன்னொரு தடவை சத்தம் கேட்டால் வேலை கிடையாது என்று மேலாளர் கறாராகச் சொல்லியிருந்தார். லாரி ஓட்டப் போகும் கணவனிடம், "தெருச் சத்தம் தாங்க முடியலைங்க" என்று சொல்லி வைத்தாள். தெருவாம், தெரு! ஜன்னல் இடுக்கில் ரப்பர் பட்டை ஒட்டியதுமே அது அடங்கிவிட்டது. அடங்காதது பக்கத்து அறை. வாதத்தில் படுத்துப் பேச்சிழந்த மாமியார் எவர்சில்வர் டம்ளரால் சுவரைத் தட்டித்தான் கூப்பிடுவார். தண்ணீருக்குத் தட்டுவார். ஒதுங்கத் தட்டுவார். சும்மா மருமகள் முகத்தைப் பார்க்கவும் தட்டுவார்.

கைக்காசு கரையாமல் காரியம் ஆக வேண்டுமே. மளிகைக் கடையில் முட்டை அட்டைகளைக் கெஞ்சி வாங்கிச் சுவர் முழுக்க ஒட்டினாள். அறைக்குள் எதிரொலி குறைந்ததே தவிர, டம்ளர் டங்கென்றுதான் வந்தது. கதவடியில் பழைய சேலையைச் சுருட்டித் திணித்தாள். போர்வைகளை மடித்து ஆணியடித்தாள். சத்தத்தை நிறுத்தக் கனம் வேண்டும் என்று புரிந்தது. வீட்டில் கனமாக இருந்தது ஒரே ஒரு பஞ்சு மெத்தை. அதில் அத்தை படுத்திருந்தார்.

"புதுசு வாங்கித் தர்றேன் அத்தை, அதுவரைக்கும் பொறுத்துக்கோங்க." நேற்று அவரைப் புரட்டி, மெத்தையை உருவி, வெறும் பலகைமேல் இரண்டு போர்வையை விரித்துக் கிடத்தியபோது, அந்தக் கோணிய வாய் ஏதோ சொல்லத் தவித்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெற்ற தாயாக இருந்தால் இப்படி உருவியிருப்பாளா? வெட்கம் பிடுங்கித் தின்றது. இருந்தும் மெத்தையை நிமிர்த்தித் தன் அறைச் சுவரோடு சேர்த்துக் கட்டினாள். தலையும் இடுப்பும் அழுத்தி அழுத்தி விழுந்த பள்ளம் அவளைப் பார்த்தபடி நின்றது.

கணவன் போனில் கூப்பிட்டான். "அம்மா சாப்பிட்டாங்களா?"

"ம்… இப்பதான்."

வாய் கூசாமல் வந்த பொய். காலையில் ஊட்டியதோடு சரி, அந்தப் பக்கமே போகவில்லை. போனால் அந்தக் கண்களைப் பார்க்க வேண்டும்.

அடுத்து ஒரு வயதான அம்மாவின் குரல். "என் புகார் கிடக்கட்டும் கண்ணு. பாவம், எவ்வளவு நேரமாத் தட்டுது அந்த ஜீவன்! மொதல்ல போய்ப் பாரும்மா."

முன்பின் தெரியாதவளுக்கு இருக்கும் ஈரம் தனக்கில்லையே. கூனிக் குறுகி எழுந்தாள். கம்பியில்லாத ஹெட்போன் காதிலேயே இருந்தது. கதவடிச் சேலையைக் காலால் ஒதுக்கினாள்.

பக்கத்து அறையில் தைல வாடை. மூத்திர வாடை. டம்ளர் கைக்கு எட்டாத மூலையில் உருண்டு கிடந்தது. கொட்டிய தண்ணீர் காய்ந்து வெறும் கறையாகியிருந்தது.

"அத்தை?"

கையைத் தொட்டாள். சில்லென்றிருந்தது. விரல்கள் மடங்கவில்லை. காலையில் ஊட்டிய கொஞ்ச நேரத்திலேயே போயிருக்க வேண்டும்.

"ஐயோ… பாவி நான்…"

காதுக்குள் அந்த அம்மா கேட்டாள். "என்னம்மா, இன்னும் போகலையா? தட்டிக்கிட்டேதானே இருக்காங்க."

சுவரைத் தடவியபடி தன் அறை வாசலுக்கு வந்தாள்.

மெத்தையில் பள்ளம் இல்லை.

தோள் உயரத்தில் துணி புடைத்தது. அடங்கியது. திரும்பப் புடைத்தது. சத்தமே இல்லை.

"அதோ! இப்பக்கூடக் கேட்குது பாரு…"

அந்த அம்மாவுக்குக் கேட்கக் கூடாதென்று அவள் விரல் தானாக மைக்கை அணைத்தது. இப்போதுமா! வெட்கத்தில் உடம்பெல்லாம் எரிந்தது.

புடைப்பு மெல்ல மேலே ஏறியது.

நெற்றி.

மூக்கு.

ஒரு பக்கம் இழுத்த தாடை.

அதற்கு மேலே, வாய் இருக்க வேண்டிய இடத்தில், மெத்தைத் துணி உள்ளே இழுபட்டது. வெளியே உப்பியது. மறுபடியும் உள்ளே போனது.