மூன்று பேருக்கான கூடாரம்

"நாலு" என்று யாரோ சொன்னார்கள்.

கூடாரத்துக்குள் இருந்தது மூன்றே பேர். கணவன் ஒண்ணு, அவள் ரெண்டு, மகள் சிட்டு மூணு. அதோடு முடிய வேண்டிய எண்ணிக்கை.

"என்னங்க, விளையாடாதீங்க," என்றாள்.

"நான் எங்க விளையாடுனேன்? சிட்டுதான் சொல்லியிருப்பா."

"நான் மூணு மட்டும்தான்பா சொன்னேன்." சிட்டுவுக்கு ஆறு வயது. பொய் சொன்னால் அடுத்த நொடியே சிரித்துவிடுவாள். இப்போது சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி. ஹாலில் சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டு, புதுக் கூடாரத்தை நட்டநடுவில் நிறுத்தி, ஜன்னல்களில் போர்வையை ஒட்டிக் கும்மிருட்டாக்கியிருந்தான் கணவன். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவன். இருட்டு அவனுக்குத் தாய்வீடு மாதிரி. எதற்கும் ஒரு பட்டியல் போடுவான், பட்டியல் போட்டதற்கெல்லாம் ஒத்திகையும் பார்ப்பான். அடுத்த வாரம் போகும் தேசியப் பூங்காவுக்கு ஊரே அடித்துப் பிடித்துக்கொண்டு வருகிறது. காலை ஏழு மணிக்கு முன்பதிவு திறந்து நாலே நிமிடத்தில் தீர்ந்துவிட்டது. இரண்டு போனும் ஒரு லேப்டாப்புமாக உட்கார்ந்து, கழிப்பறைக்கும் வண்டி நிறுத்தத்துக்கும் நடுவே ஓரிடம் பிடித்தார்கள். "காட்டுல போய்த் தூங்கறதுக்கு இந்தப் பாடா?" என்று அவள் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையில் எல்லாரும் கேலி செய்தார்கள்.

ஆனால் இந்த எண்ணிக்கை கேலிக்கு வந்ததல்ல. போன வருடம் வேறொரு பூங்காவில், அருவி பார்க்கும் மேடையில், படமெடுக்க ஒரு நிமிடம் சிட்டுவின் கையை விட்டாள். நாற்பது நிமிடம் கழித்துத்தான் பிள்ளை கிடைத்தாள். கணவன் அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். திட்டாததுதான் இன்றைக்கும் முள்ளாய்க் குத்துகிறது. அவன் விதி ஒன்று மட்டும் போட்டான்: கூட்டத்திலோ இருட்டிலோ அவன் ஒண்ணு சொன்னால் மற்ற இருவரும் வரிசையாகச் சொல்ல வேண்டும். அம்மாவின் "ரெண்டு" எந்தப் பக்கம் கேட்கிறதோ அந்தப் பக்கம் சிட்டு ஓட வேண்டும். யோசிக்கக் கூடாது. பல் தேய்க்கும்போதும் சாப்பிடும்போதும் சொல்லிச் சொல்லி, ஒரு மாதமாக அவளே அதைப் பிள்ளையின் மண்டையில் ஏற்றியிருந்தாள்.

"சரி, இன்னொரு தடவை," என்றான் கணவன்.

இந்த முறை அவள் இடது கையால் அவன் மணிக்கட்டையும் வலது கையால் சிட்டுவின் விரல்களையும் பிடித்துக்கொண்டாள். புதுத் துணியின் ரப்பர் வாடை மூக்கை அடைத்தது. சமையலறையில் ஃபிரிட்ஜ் முனகிக்கொண்டிருந்தது, மாடியில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள், கூடாரத்தின் துணி காற்றே இல்லாத அந்த ஹாலில் மெல்ல உள்வாங்கி மெல்ல வெளியே போனது.

"ஒண்ணு."

"ரெண்டு."

"மூணு."

ஃபிரிட்ஜ் நின்றது.

"நாலு."

அவள் பிடரிக்குப் பின்னால். அத்தனை பக்கத்தில். ஈர மண்ணின் வாடை வந்தது.

கணவன் கையை உதறிக்கொண்டான். "இரு, லைட்டப் போட்டுட்டு வரேன்." ஜிப் திறந்தது. வெறுங்கால்கள் தரையில் போயின. சுவிட்சுக்குப் பத்தே அடிதான்.

பத்து வரை எண்ணினாள். பதினைந்து. இருபது. வெளிச்சம் வரவில்லை.

"அம்மா, கை வலிக்குது," என்றாள் சிட்டு.

பிடியைத் தளர்த்தவில்லை. இந்தக் கையை விடுவதாக இல்லை. செத்தாலும் விடுவதாக இல்லை.

"என்னங்க?"

ஜிப் இருந்த பக்கம் தலையை நீட்டினாள்.

"என்னங்க! எங்க இருக்கீங்க?"

"ஒண்ணு," என்றது வெளியிலிருந்து அவன் குரல்.

அப்பாடா என்றிருந்தது. போன உயிர் திரும்பி வந்தது. சொல்ல வாயைத் திறந்தாள்.

"ரெண்டு."

அவள் சொல்லவில்லை.

வெளியே கேட்டது. அவள் குரல். பல் தேய்க்கும்போது பிள்ளையைக் கொஞ்சி இழுக்கும் அதே குரல், அதே இழுப்பு.

"மூணு!" சிட்டு சந்தோஷமாகக் கத்தினாள். வியர்த்த விரல்கள் வழுக்கின. ஒரு விரல். நகம். அதுவும் போனது.

அம்மாவிடம் ஓடினாள். சொல்லிக்கொடுத்தபடியே.

விளக்கு எரிந்தது.

"சிட்டு!" அவள் தொண்டை கிழியக் கத்தினாள். "சிட்டு, உள்ள வாடி!"

"அப்பா, டென்ட்டுக்குள்ள யாரோ என்னைக் கூப்பிடறாங்க."

"உள்ள யாருடா இருக்கா?" கணவன் சிரித்தான். நிம்மதியான சிரிப்பு. "நாம மூணு பேரும் இங்கதான இருக்கோம்."

கூடாரத் துணியில் மூன்று நிழல்கள் விழுந்திருந்தன. ஒன்று அவன். ஒன்று சிட்டு. நடுவில் அவள் உயரத்தில், அவளைப் போலவே கொண்டை போட்ட ஒன்று, பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டது. சிட்டு அதன் தோளில் தலை சாய்த்தாள். பிறகு அது குனிந்தது, ஒரு கையை நீட்டி, வெளிப்பக்கமிருந்து ஜிப்பை அவசரமில்லாமல் இழுத்து மூடியது.