மருதங்காட்டு இடுப்புவலி

காலை ஐந்தே முக்காலுக்கு ஓடுபாதையின் மேற்கு முனையில் வரிசையாக நின்ற நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் இடுப்பு வலித்தது. முதுகெலும்பு முடிகிற இடத்துக்கு நாலு விரற்கடை மேலே, இடப்பக்கம். நாளெல்லாம் குனிந்து வேலை செய்கிறவர்களுக்கு வருகிற வலி அது. இவர்களில் ஒருவர்கூட வாழ்நாளில் அப்படிக் குனிந்ததில்லை.

அத்தனை பேரும் பயிற்சி விமானிகள். விமானங்கள் எரிபொருள் நிரப்பித் தயாராக நின்றன. யாரும் ஏறவில்லை. கட்டாயப்படுத்தி ஏற்றினாலும் வேகம் கூட்டும் உந்துபிடியை முன்னால் தள்ள இடது கை மறுத்தது. மூன்று வாரமாக இதே கதை. தோளோடு தோள் சேர்ந்து, தலையைக் கவிழ்த்து, ஓடுபாதையில் நடக்கத் தொடங்கினார்கள். சரளைத் துண்டு, ஆணி, உதிர்ந்த தார்க்கட்டி, எது கண்ணில் பட்டாலும் குனிந்து பொறுக்கி மடியில் போட்டார்கள். சீருடையில் மடி ஏது? கல் காலடியில் விழுந்தது. மறுபடி குனிந்து எடுத்து, மறுபடி இல்லாத மடியில் போட்டார்கள்.

தூரம் காட்டும் ஆறாம் பலகைக்கு நேரே வந்ததும் எல்லோருடைய முழங்காலும் மடிந்தது. மண்டியிட்டு, இரண்டு கைகளையும் தார்த்தரையில் எதையோ வாரி எடுப்பதுபோல் நீட்டினார்கள். கொஞ்ச நேரம். பிறகு எழுந்து கால்சட்டையைத் தட்டிக்கொண்டு மேலே நடந்தார்கள். ஏன் மண்டியிட்டோம் என்று ஒருவருக்கும் தெரியாது.

கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் மேல்தளத்தில் தளபதி நந்தகோபன் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். பிடியை விட்டால் அவரும் மண்டியிட்டுவிடுவார். அவர் உடம்பிலும் அதே பதிவுதான்.

மருதங்காடு தளம் வெள்ளைக்காரன் காலத்துப் பெரும்போருக்காகச் சரளை கொட்டி உருவானது. போர் முடிந்ததும் அவன் விட்டுவிட்டுப் போனான். முப்பது வருடம் சுற்றுப்பட்டுச் சனங்கள் அதில் மிளகாய் காயப்போட்டார்கள். பிறகு வான்படை வந்து, முள்வேலி போட்டு, விமானி ஆக்கும் பள்ளிக்கூடம் ஆக்கியது. ஒரு விமானியைத் தேற்றப் பதினாலு மாதம் பிடித்தது. பாதிப் பேர் தேறாமல் வீட்டுக்குப் போனார்கள்.

தசைப்பதிவி வந்ததும் எல்லாம் மாறிப்போனது. தேர்ந்த ஒரு விமானி பறக்கும்போது நரம்பும் தசையும் செய்கிற அத்தனையையும் அந்தக் கருவி வாங்கிக்கொள்ளும். இன்னோர் உடம்பில் நாற்பது நிமிடத்தில் இறக்கிவிடும். பதினாலு மாதம் பதினோரு நாளாகச் சுருங்கியது. தளத்திலேயே மிக மென்மையாகத் தரையிறக்குபவர் யார் என்று பார்த்து, ஸ்குவாட்ரன் லீடர் இருளாயியின் உடம்பிலிருந்து பதிவு எடுத்தார்கள். பதினெட்டு வருடமாக எல்லோருக்கும் அந்த ஒரே பதிவுதான். பையன்கள் அவரைக் கேலியாக மூலவர் என்பார்கள். பதிவோடு வந்த இடுப்புவலிக்கு மருதங்காட்டு இடுப்பு என்று பெயர் வைத்து, தைலம் தடவிக்கொண்டு பறந்தார்கள்.

மூன்று வாரத்துக்கு முன்பு தளத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த இருபத்திரண்டு பெண்களை வேலையைவிட்டு அனுப்பினார்கள். ஒரு கூழாங்கல் இயந்திரத்துக்குள் போனால் விமானம் காலி. அதனால் தினமும் விடியும்போது அவர்கள் வரிசையாக நடந்து பொறுக்குவார்கள். அந்த வேலைக்கு இப்போது கல்லுறிஞ்சி என்ற வண்டி வந்துவிட்டது. அவர்கள் போன மறுநாளே பயிற்சிப் பிள்ளைகள் விமானத்தைவிட்டு இறங்கத் தொடங்கினார்கள்.

“இத்தன நாளும் பொம்பளைங்க நடக்குறத ஜன்னல் வழியா பாத்துட்டு ஏறுனாங்க சார்” என்று தளபதியிடம் சொன்னாள் ஃபெலிசிட்டா. தசைப்பதிவியை இயக்குபவள் அவள். “பாதைய யாரோ நடந்து பாத்துட்டாங்கன்னு உடம்புக்குத் தெரிஞ்சா போதும். இப்ப யாரும் நடக்கல. அதான் இவங்களே நடக்குறாங்க.”

“வண்டி உறிஞ்சுதே?”

“வண்டிய அந்த உடம்பு நம்பல சார்.”

தலைமையகம் பத்து நாள் கெடு வைத்திருந்தது. அதற்குள் பறக்காவிட்டால் தளத்தை மூடிவிடுவார்கள். நந்தகோபன் இருளாயிக்கு ஆள் அனுப்பினார்.

அறுபத்தொரு வயது இருளாயி, தளத்து மதிலுக்கு வெளியே கல்பொறுக்கிகள் குடியிருப்பில்தான் இருந்தார். ஓய்வு பெற்றதும் நகரத்தில் வீடு தருவதாகச் சொன்னார்கள், போகவில்லை. நடந்தே வந்தார். தளபதி எழுந்து நின்று வணங்கியதும் இருளாயி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“என்னப்பா, கோழி கெளறுன மாதிரி ஊரே குனிஞ்சு நிக்கிது? மதில்மேல ஏறி நின்னு எங்க பொம்பளைக சிரிக்கிறாக. ஆப்பீசருக வேலைய நல்லாப் பழகிட்டாகன்னு.”

“மேடம், நீங்க ஒரே ஒரு தடவ பறக்கணும். நடக்காம, குனியாம, நேரா ஏறி ஒரு சுத்து. புதுப் பதிவு எடுத்துக்குறோம். இந்த வயசுலயும் உங்க கைக்கு ஈடு கிடையாது.”

“ஆறாம் பலகையில மண்டி போடுறாகளே, அது எதுக்குன்னு தெரியுமா?”

நந்தகோபன் தன் முழங்காலைத் தடவினார்.

“ஒனக்கும் மடியும்ல?”

“மடியும் மேடம்.”

“எங்காத்தா ராக்கம்மா செத்த எடம் அது.” இருளாயி குரலை உயர்த்தவில்லை. “ஒம்பது வயசுலருந்து ஆத்தாகூட கல்லுப் பொறுக்குனேன். பொறுக்கிட்டுத்தான் பள்ளிக்கூடம். எனக்குப் பத்தொம்பது வயசு, பொறுக்கிட்டு இருக்கோம். வரிச முடியல, பாதையவிட்டு நாங்க வெளியேறல. அனுமதி இல்லாம ஒரு பயிற்சிப் பையன் விமானத்த எறக்கிட்டான். பெரிய எடத்துப் பிள்ள. ஆத்தாவ நான்தான் வாரி எடுத்தேன். தளத்துப் பதிவேட்டுல என்ன எழுதுனாக தெரியுமா? காலை ஆறு பன்னெண்டு, தரையிறங்குகையில் பறவை மோதல், விமானத்துக்குச் சேதமில்லை.”

“நீங்க அப்பவே மனு...”

“மூணு மனு. அப்படி ஒரு ஆளு ஒப்பந்தக்காரர் பட்டியல்லயே இல்லன்னு பதில் வந்துச்சு. பட்டியல்ல இல்லாதவ சாகவும் முடியாதாம்ல. அப்பறம் நானே இங்க ஆப்பீசரா வந்தேன், அந்தப் பதிவேட்ட என் கையாலயே புரட்டிப் பாத்தேன். பறவைன்னுதான் இருந்துச்சு. திருத்தச் சொல்லிக் கேட்டா, பழச எதுக்குக் கெளறுறன்னாக.” எழுந்தார். “பறக்குறேன்ப்பா. பறவைய அடிச்சிட்டு எங்காத்தா பேர எழுது. மறுநாளே வந்து பறக்குறேன்.”

நந்தகோபன் நெற்றியைத் தேய்த்தார். தரைப்பணியில் உயிரிழப்பே இல்லாத தளம் என்று அவர் தலைக்குமேல் ஒரு கேடயம் தொங்கியது. அந்த வரியைத் திருத்தினால் விசாரணை வரும். அன்றைக்கு இறக்கிய பையன் எந்தப் பதவி வரை போய் ஓய்வு பெற்றான் என்பதும் அவருக்குத் தெரியும்.

“அது என் அதிகாரத்துல இல்ல மேடம்.”

“அப்ப என் ஒடம்பும் ஒன் அதிகாரத்துல இல்ல” என்று சொல்லிவிட்டு இருளாயி வெளியேறினார்.

அன்று மாலையே தளபதி ஃபெலிசிட்டாவைக் கூப்பிட்டு, பதிவிலிருந்து நடையையும் குனிதலையும் மண்டியிடுதலையும் வெட்டச் சொன்னார்.

“சார், உடம்புல தனித்தனி அறை கெடையாது. ஒண்ண வெட்டுனா எது கூட வரும்னு எனக்கே தெரியாது.”

“வெட்டு.”

வெட்டிய பதிவை மகிழ்மாறன் என்ற பையனுக்கு ஏற்றினார்கள். மறுநாள் காலை அவன் கல் பொறுக்காமல் நேரே விமானத்தில் ஏறினான். இடுப்பு வலிக்கவில்லை என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். உந்துபிடி முன்னே போனது. அழகாக மேலெழுந்தான். கோபுரத்தில் கைதட்டினார்கள். பக்கத்து அதிகாரியின் தோளில் தட்டிய நந்தகோபன் தலைமையகத்துக்குப் பேசத் தொலைபேசியை எடுத்தார்.

இறங்கும்போதுதான் கெட்டது. தரைக்கு முப்பது அடி உயரத்திலேயே மகிழ்மாறன் விமானத்தின் மூக்கைத் தூக்கிவிட்டான். வேகம் செத்து, விமானம் மூட்டைபோல் விழுந்தது. சக்கரக்கால்கள் ஒடிந்து வயிற்றால் தேய்த்துக்கொண்டு போய் ஐந்தாம் பலகையைச் சாய்த்துவிட்டு நின்றது.

சத்தம் கேட்டு மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து முதலில் ஓடி வந்தது கல்பொறுக்கிப் பெண்கள்தான். கூடவே இருளாயி. காவலர்கள் தடுக்கப் பார்த்தார்கள், யாரும் நிற்கவில்லை. பையனை எடுத்துத் தூக்குப்படுக்கையில் வைத்தபோது கணுக்கால் திரும்பிக் கிடந்தது. உயிர் இருந்தது, நினைவும் இருந்தது.

“எந்த ஒசரத்துல தூக்குனே?” என்று கேட்டார் இருளாயி.

“தெரியல மேடம். தரை எங்க இருக்குன்னே தெரியல. எல்லாம் ஒரே கறுப்பா இருந்துச்சு.”

பின்னாலேயே ஓடி வந்து நின்ற ஃபெலிசிட்டாவை இருளாயி பார்த்தார். “எனக்குக் கல்லு தனித்தனியாத் தெரியும். தார்ல பதிச்ச சரளை மொத்தமாத் தெரியிற வரைக்கும் எறக்கிக்கிட்டே வருவேன். ஒண்ணொண்ணாப் பிரிஞ்சு தெரிஞ்சா மூக்கத் தூக்குவேன். பத்து வருசம் குனிஞ்ச கண்ணு. அத வெட்டிட்டு எதத் தரச் சொல்றீக?”

ஃபெலிசிட்டா முகத்தை மூடிக்கொண்டாள். மருதங்காட்டின் பெயர் பெற்ற மென்மையான தரையிறக்கம் எங்கிருந்து வந்தது என்று பதினெட்டு வருடமாக யாரும் கேட்டிருக்கவில்லை. வேறு ஒருவரிடமிருந்து புதிதாக எடுக்கவும் வழியில்லை. பழைய விமானிகளும் பின்னால் அதே பதிவை ஏற்றிக்கொண்டவர்கள்தான். இப்போது பறக்கத் தெரிந்த எவரைப் பதிவு செய்தாலும் வருவது இருளாயிதான்.

நந்தகோபன் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். உடைந்த விமானத்தைப் பார்த்தார். பணி எழுத்தர் பதிவேட்டோடு பின்னால் நின்றார்.

“எழுதுங்க. தரையிறங்குகையில்...” தளபதி இருளாயியின் பக்கம் பார்க்காமல் முடித்தார். “பறவை மோதல்.”

“பறவ ஒண்ணும் வரல சார்” என்றான் மகிழ்மாறன், படுக்கையிலிருந்தபடியே. “வெட்டுன பதிவ ஏத்திக்கிட்டு எறக்கத் தெரியாம எறக்குனேன். அத எழுதுங்க.”

“வலியில பேசுற நீ. சும்மா இரு.”

“வலி கால்லதான் சார். வாயில இல்ல.”

கல்பொறுக்கிப் பெண்களில் ஒருத்தி பக்கென்று சிரித்துவிட்டாள். இருளாயி சிரிக்கவில்லை.

“உசுரோட இருக்கான், சொல்றான். எங்காத்தா இருந்திருந்தா அவளும் சொல்லியிருப்பா, நான் பறவ இல்ல, ராக்கம்மாண்டு.”

நூற்றுப் பதினோரு பேர் சுற்றி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆறாம் பலகை அங்கிருந்து எட்டிப் பார்க்கிற தூரம்தான்.

எழுத்தர் எழுதவில்லை. பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். மகிழ்மாறன் சொன்னதை அவனே ஆஸ்பத்திரியிலிருந்து எழுதிக் கொடுத்தான். அது பதிவேட்டில் ஏறியது. மருதங்காட்டில் உண்மையாக எழுதப்பட்ட முதல் விபத்து அதுதான் என்று பழைய ஆட்கள் பேசிக்கொண்டார்கள்.

தலைமையகம் இறங்கி வந்தது, தனக்கு வேண்டிய மட்டும். ஒரே வாரத்தில் இருபத்திரண்டு பெண்களையும் திரும்ப அழைத்தார்கள், பெயர் போட்ட அடையாள அட்டையோடு. கல்லுறிஞ்சியைக் கொட்டகைக்குள் தள்ளினார்கள். பெண்கள் நடந்ததும் பிள்ளைகளின் இடது கை உந்துபிடியைத் தள்ளியது. விமானங்கள் பறந்தன.

ஆனால் பிள்ளைகள் நடப்பதை நிறுத்தவில்லை. அந்தப் பெண்களோடு வரிசையில் சேர்ந்துகொண்டார்கள். ஆறாம் பலகை வந்ததும் முழங்கால் மடிந்தது. இந்த முறை மண்டியிட்டவர்கள் சேர்ந்து கத்தினார்கள்: “ராக்கம்மா!”

கோபுரத்துக் கண்ணாடி அதிர்ந்தது. நந்தகோபன் கூப்பிட்டுக் கண்டித்தார்.

“நாங்க என்ன சார் செய்ய? உடம்பு கத்துது” என்று முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு சொன்னார்கள். “பதிவுல இருக்கு போல.”

தளபதி ஃபெலிசிட்டாவிடம் அறிக்கை கேட்டார். தசைப்பதிவி கையையும் காலையும் கண்ணையும்தான் பதியும். குரலைப் பதியாது, பெயரைப் பதியாது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். பதிவின் பிரிக்க முடியாத பகுதி, வெட்டினால் விமானம் விழும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த மாதம் தலைமையகத்திலிருந்து மேலதிகாரி ஒருவர் பார்வையிட வந்தார். அவரும் பத்து வருடம் முன்பு மருதங்காட்டில் பதிவு ஏற்றிக்கொண்டவர். ஓடுபாதையில் மிடுக்காக நடந்து வந்தவர் ஆறாம் பலகையில் எல்லோரோடும் மண்டியிட்டார், எல்லோரோடும் சேர்ந்து கத்தினார். எழுந்ததும் அருமையான போர்முழக்கம், எல்லாத் தளங்களுக்கும் இதையே வைக்கலாம் என்றார். வைத்தார்கள். இப்போது பதினேழு தளங்களில் விடியற்காலையில் அந்தப் பெயர் கேட்கிறது. எல்லைக்கு அப்பால் இருப்பவர்கள் அதற்கு என்ன அர்த்தம் என்று ஆள் வைத்து ஆராய்கிறார்களாம்.

இருளாயி நான்காவது மனுவையும் கொடுத்தார். பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. ஐந்தாவதை எழுதிக்கொண்டிருக்கிறார். புதுப் பதிவு கேட்டு வருகிறவர்களை வாசலோடு திருப்பி அனுப்புகிறார்.

தளத்தில் விசாரித்தால், அந்தப் பெண்மணிக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தாகிவிட்டது என்கிறார்கள். பழைய பதிவேட்டில் இன்றும் பறவை என்றுதான் இருக்கிறது. ராக்கம்மாள், வயது நாற்பத்து மூன்று, ஓடுபாதையில் கல் பொறுக்கிய தொழிலாளி, அனுமதியின்றித் தரையிறங்கிய பயிற்சி விமானம் மோதி இறந்தார். இந்த ஒரு வரியை மருதங்காடு தளம் இருளாயிக்கு இன்னும் எழுதித் தரவில்லை.