அடைத்த துளை

சுவரில் ஈரம் இருந்தது. உள்ளங்கை அகலத்தில், அவள் வாய்க்கு நேரான உயரத்தில், கண்ணாடியில் யாரோ ஊதிவிட்டுப் போனதைப் போல வெளிறிய ஒரு வட்டம். துணியால் துடைத்தாள், மறைந்தது, துணியை மடித்துவிட்டுத் திரும்புவதற்குள் மறுபடியும் வந்திருந்தது.

பழைய வங்கியின் பெட்டக அறை இது. கட்டடம் சொகுசு ஹோட்டலாகிக்கொண்டிருந்தது. ஜன்னலே இல்லாத இந்த அறைதான் அதன் விலையுயர்ந்த படுக்கையறை. உள் அலங்காரம் அவள் பொறுப்பு. சாயங்காலம் முதலாளி பார்க்க வருகிறார். பிடித்துவிட்டால் மற்ற அறைகளும் அவளுக்குத்தான். பிடிக்காவிட்டால், வேலையை வாங்கித் தந்த அக்கா புருஷன், இங்கே இன்ஜினியர், சொந்தபந்தத்தில் ஒருவர் காதையும் விட்டுவைக்க மாட்டார்.

ஈரம் கசிந்த இடத்தில் முன்பு ஒரு துளை இருந்தது. தவறி உள்ளே மாட்டிக்கொள்பவர் மூச்சுவிடட்டும் என்று வங்கிக்காரர்கள் வைத்தது. வழவழப்பான சுவரில் அது பரு மாதிரி உறுத்தியது. போன வாரம் அதை அடைக்கப் போவதாகச் சொன்னாள்.

“படுக்க வர்றவங்க மூச்சு விடணும்ல? இல்ல, அதுக்குத் தனி பில்லா?” என்றார் அத்தான், வேலையாட்களை வைத்துக்கொண்டே.

எல்லாரும் சிரித்தார்கள். ஏசி வரும் என்று அவள் சொன்னது யார் காதிலும் விழவில்லை. அந்தச் சிரிப்பு அன்று முழுக்க அவள் கழுத்தின் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் கொத்தனாரின் கரண்டியைத் தானே எடுத்தாள்.

துளையிலிருந்து காற்று வந்தது. வெதுவெதுப்பாக. வந்தது, நின்றது, திரும்பிப் போனது. ஏதோ பழைய குழாய் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சாந்தை அப்பினாள். கடைசிக் கவளத்தை அவள் அழுத்தவே வேண்டியிருக்கவில்லை. கரண்டியிலிருந்து அது தானாகவே உள்ளே போயிற்று.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மறுபடியும் சிரிப்பார்கள்.

இப்போது சூடான காற்றடிக்கும் கருவியை வட்டத்தின்மேல் பிடித்தாள். சுண்ணாம்பு வாடையோடு இன்னொன்றும் எழுந்தது, வெகுநேரம் பேசாமல் மூடியிருந்த வாயின் வாடை. அப்போது நடையில் காலணிச் சத்தம். முதலாளி சீக்கிரமே வந்துவிட்டார். “எல்லாம் நம்ம வீட்டுப் பொண்ணு பண்ணுனதுதான் சார்,” என்று அத்தானின் குரல், வேறு யாரிடமும் காட்டாத இனிப்போடு.

ஐந்து நிமிஷம் போதும், காய்ந்துவிடும்; அதற்குள் அவர்கள் கண்ணில் படக் கூடாது. இரும்புக் கதவை இழுத்தாள்.

தாழ்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. வரும் விருந்தாளிகள் சக்கரத்தைத் திருப்பி விளையாடட்டும் என்று, கழற்ற விடாமல் அவள் அடம்பிடித்துக் காப்பாற்றிய தாழ்கள். தாழ்களைத் திறக்கும் அந்தச் சக்கரம் மெருகு போடப் போயிருக்கிறது. அதுவரை கதவைச் சாத்தவே கூடாது என்று காலையில் எல்லாரிடமும் எரிந்து விழுந்ததும் அவள்தான்.

தட்டினாள். கதவு அந்தச் சத்தத்தை விழுங்கியது. கைபேசியில் சிக்னல் இல்லை. ஏசிக்கு இன்னும் இணைப்பு தரவில்லை.

கருவியை அணைத்தாள். காற்றின் சத்தம் நிற்கவில்லை. தன் மூச்சுதான் என்று நினைத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

அது நிற்கவில்லை.

காற்று போதவில்லை. காதுக்குள் அடைப்பு. அறை சின்னதாகிக்கொண்டே வந்தது. துளை. துளையைத் திறந்தால் போதும். கரண்டியால் சுரண்டினாள். பிறகு நகத்தால். சாந்து உதிர்ந்தது. கறுப்பாக, வட்டமாக, அது.

வாயை வைத்தாள். உறிஞ்சினாள்.

எதுவும் வரவில்லை. அதுவும் உள்ளேதான் இழுத்துக்கொண்டிருந்தது.

கட்டிலின் திரை எழுந்தது. சுவரை நோக்கி நீண்டது. விரிப்பின் ஓரம். அவள் கூந்தல். உதடுகளை எடுக்க முடியவில்லை. அத்தனை நாள் அவள் அடைத்து வைத்திருந்த சுவரின் அந்த ஒரு மூச்சு, இன்னும் உள்ளே போய்க்கொண்டே இருந்தது.